நேர்த்தி வைத்தவன் நான்

மொன்றியல், 2007 ஜூன்

மகனே,

செய்தியின் முதல் வரியிலேயே விஷயம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தொழில் பழக்கியவர்கள் சொன்னார்கள். ஆகவே முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பெயரில் இருக்கும் காவடி நேர்த்தியை வைத்தது உன் அம்மா அல்ல. நான். இருபது வருடமாக நீ அவளோடு போட்ட சண்டை முழுவதும் ஆள் மாறிப் போட்ட சண்டை. அதைத் தெரிந்துகொண்டே நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன்.

இதன் ஒரு பிரதி தபாலில் உனக்கு வரும். அதன்பிறகுதான், நான் எழுதிவரும் அந்தச் சின்னத் தமிழ் மாத இதழில் இது வரும், பெயர்கள் இல்லாமல். பெயர் போடக்கூடாது என்பது உன் அம்மாவின் நிபந்தனை. வீட்டு விஷயத்தை ஏன் அச்சில் போட வேண்டும் என்று நீ கேட்பாய். அங்கும் இங்குமாக முப்பது வருடத்துக்கு மேல் பத்திரிகையில் எழுதியவன் நான். பிழை எந்த இடத்தில் வந்ததோ, திருத்தமும் அந்த இடத்தில் வர வேண்டும் என்பது அங்கே கற்ற ஒழுங்கு. நம் வீட்டுப் பிழை இந்த ஊர்த் தமிழ்ச் சனத்தின் நடுவில் வைத்துச் சொல்லப்பட்டது. திருத்தமும் அவர்கள் முன்னால்தான் வர வேண்டும்.

உன் அம்மாவின் இதய வால்வு சுருங்கி வருவது உனக்குத் தெரியும். சத்திரசிகிச்சை இலையுதிர் காலத்துக்கு முன் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது நீயும் அந்த அறையில் இருந்தாய். உனக்குத் தெரியாதது சில உண்டு. அவள் கையெழுத்து வைக்க வேண்டிய படிவம் இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், பீட்சாக் கடைக்காரன் தந்த காந்தத்தின் கீழ் வெறுமையாகத் தொங்குகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஏறப் பதினொரு படிகள். சித்திரை மாதம் அவள் எட்டாவது படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவாள். இப்போது ஆறாவது படியில் நிற்கிறாள். நிற்பது தெரியக்கூடாது என்று, கீழ் வீட்டு இத்தாலியரின் தக்காளிக் கன்றுகளைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் பின்னால் மரக்கறிப் பைகளோடு நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணுவதால் எதுவும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எண்ணுகிறேன். புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை வேலைக்குப் போய் அட்டைப் பெட்டிகளை அடுக்கும்போதும் ஆறு, ஆறு என்றுதான் மனதில் ஓடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். மூன்று கிழமைதான் ஆகிறது. ஆனாலும் நான் பார்த்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு ஆள் என்ன செய்தார் என்பதை நீ கவனித்திருக்க வழியில்லை. அம்மா கணவாய்க் கறி வைத்திருந்தாள். ஏதென்சுக்கு ஓகஸ்ட் கடைசியில் விமானச் சீட்டு எடுத்துவிட்டதாகவும், கிரேக்கத் தத்துவப் படிப்பு இரண்டு வருடம் என்றும் நீ சொன்னாய். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்ப ஜூலைத் திருவிழாவுக்கு நிப்பாய்தானே?"

"நிப்பன் அம்மா. ஆனா காவடி எடுக்கமாட்டன். போன வருசமும் சொன்னனான்."

"உன்னை அலகு குத்தச் சொன்னனானே? ஒரு சின்னப் பால்காவடி. ஒருக்காச் சுத்தி வந்தால் சரி."

"சின்னன் பெரிசு இல்லை அம்மா. நம்பாததை நம்புற மாதிரி நடிச்சால் அது பொய். முருகனுக்கும் மரியாதை இல்லை."

"உன்ரை கிரேக்கச் சாமிக்குக் காவடி இல்லையோ?"

"அவருக்கு ஒண்டும் தேவையில்லை."

"ஒண்டும் தேவையில்லாத சாமியை வைச்சுக்கொண்டு நீ என்னடா செய்யப்போறாய்?"

நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கலாம். ஆனால் அவள் உன் கோப்பையில் கறியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஏதும் நடந்தால் உனக்கு அதை ஆர் ஞாபகப்படுத்துறது? நேர்த்தி உன்ரை தலையிலை கிடக்க, நான் போய் வெட்டக் குடுத்துப் படுக்கேலாது. நீ எடுத்தாப்பிறகு கையெழுத்து வைக்கிறன்."

உன் முகம் மாறியது. முதலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னாய். கோபம் வந்தால் உனக்கு அந்த மொழிதான் வருகிறது. பிறகு நிதானமாகத் தமிழில் கேட்டாய்: "அம்மா, நீங்கள் குடுத்த வாக்கை என்ரை தோளிலை ஏத்த உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?"

அவள் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "அப்பா, நீங்களாவது சொல்லுங்கோ" என்றாய். "பொறு, பேந்து கதைப்பம்" என்றேன். அதுதான் அன்று உன் முன்னால் நான் பேசிய ஒரே வசனம்.

நீ போனபிறகு கோப்பைகளைக் கழுவும்போது, அவனிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் குழாயை மூடவில்லை. "வேண்டாம், இஞ்சருங்கோ. என்னோடை கோவிச்சான் எண்டால் ரெண்டு கிழமையிலை கணவாய்க்கு வந்து நிப்பான். உங்களோடை கோவிச்சான் எண்டால் வரமாட்டான். அவன் உங்களை மாதிரி" என்றாள். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். வெட்கப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ஆறுதல் வந்தது.

அடுத்த சனிக்கிழமை நீ புத்தகப் பெட்டிகளை எங்கள் வீட்டில் வைக்க வந்தாய். "வா, ஒரு சுத்துச் சுத்தி வருவம்" என்று உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு இல்-பிசாருக்குப் போனேன். அங்கிருந்து லவாலுக்குப் போகும் படகில் காரோடு ஏறினோம். ஏன் அங்கே போகிறோம் என்று நீ கேட்கவில்லை. நான் காரணத்தோடுதான் போனேன். படகு அக்கரையைத் தொடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே தவணை வைத்திருந்தேன். தவணை இல்லாமல் நான் எதையும் எழுதி முடித்ததில்லை. அந்தப் படகு கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும் படகு, சில நிமிடப் பயணம். காரை விட்டு இறங்கிக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றோம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "உன்ரை ஆக்கள் என்னதான் சொல்லுகினம்? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு" என்றேன்.

"பழைய கிரேக்கச் சாமியள் எங்கடை ஆக்கள் மாதிரித்தான் அப்பா. கோவிக்கும், பொறாமைப்படும், ஆட்டை வெட்டிக் குடுத்தால் குளிரும். சனம் பேரம் பேசும். பேந்து வந்த ஸ்தோயிக்கர் எண்ட தத்துவக்காரர், சீயஸ் எண்ட பெரிய சாமியின்ரை பேரை விடேல்லை, ஆளை மாத்திப்போட்டினம். மலையிலை இருக்கிற ராசா இல்லை. உலகம் முழுக்க ஓடுற அறிவு. உடம்புக்குள்ளை சூடு இருக்கிற மாதிரி. எங்களுக்குள்ளையும் அதின்ரை பொறி ஒண்டு இருக்கு. அந்தப் பொறிக்குச் சரியெண்டு படுறதுக்கு மட்டும் ஓம் சொல்லுறதுதான் சுதந்திரம். மற்றதெல்லாம், பேர், சொத்து, உடம்பு, எங்கடை கையிலை இல்லை."

"அம்மான்ரை உடம்புமோ?"

நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அது விரும்பவேண்டியது அப்பா. காப்பாத்தப் பாக்கவேண்டியது. ஆனா நல்லது எண்டு சொல்லக்கூடியது நல்ல குணம் மட்டும்தான். உடம்புக்காகப் பொய்யை வாங்கக்கூடாது. எனக்கும் பயம்தான். நான் கல்லெண்டு நினைக்காதேங்கோ."

நான் பகிடி விட்டேன். "உந்தப் படகைப் பார். கம்பியிலை கட்டிக் கிடக்கு. இஞ்சாலையும் அங்காலையும்தான் போகலாம். உதுவோ உன்ரை சுதந்திரம்?"

நீ சிரித்துவிட்டாய். "கிட்டத்தட்ட உதுதான் அப்பா. கம்பி எங்கை போகவேணும் எண்டு ஆரும் எங்களைக் கேக்கேல்லை. ஆனா ஓட்டுறவன் வெறியிலை ஓட்டுறானோ நிதானமா ஓட்டுறானோ, அது அவன்ரை கையிலை."

அப்போது படகு கரையைத் தொட்டது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். லவாலில் ஐஸ்கிறீம் வாங்கித் தின்றுவிட்டு அதே படகில் திரும்பி வந்தோம். திரும்பும்போது நான் பெற்றோல் விலை பற்றிக் கதைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு தவணையும் போய்விட்டது.

இப்போது இருபது வருடத்துக்கு முந்திய விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர அப்போது இருவருக்குத்தான் வழி கிடைத்தது. உனக்கு ஏழு வயது. அம்மா பதினான்கு மாதம் கழித்துத்தான் வந்தாள். நாம் இருவரும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். நான் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். முதல் பனிக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் மாத்திரை தந்துவிட்டு வேலைக்குப் போனேன். இரண்டாம் நாளும் போனேன். வேலை போய்விடும் என்ற பயம் உன் காய்ச்சலைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கீழ் மாடியில் இருந்த ஹெயிட்டிப் பெண்மணிதான் உன்னைப் பார்த்துக்கொண்டார். நான் வேலை முடிந்து வந்தபோது அவர் படிவாசலிலேயே நின்று என் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கத்தினார். எனக்கு அதில் ஒரு சொல்தான் விளங்கியது. ஒப்பித்தால், ஒப்பித்தால். பிரெஞ்சில் ஆஸ்பத்திரி. உன் கழுத்து விறைத்திருந்தது. உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அம்புலன்சை அவர் ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார். நீ உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் அவர். உன் மூளைக்காய்ச்சல் கதையை எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். நான் இரண்டு நாள் வேலைக்குப் போனதை ஒருமுறையும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். என்னை வெளியே விட்டார்கள். அந்த நடைபாதையில் ஒரு குளிர்பான இயந்திரம் நின்றது. வேறு எந்த வெளிச்சமும் என் கண்ணில் படவில்லை. நான் அதற்கு முன்னால் கைகூப்பி நின்றேன். நீ சொல்லும் தெய்வம் எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது என்றால், அந்த இயந்திரத்துக்குள்ளும் ஓடியிருக்க வேண்டும். ஆனால் நான் கேட்டது அந்தத் தெய்வத்திடம் அல்ல, ஆட்டை வெட்டினால் குளிரும் தெய்வத்திடம். வாயால் சொன்னேன்: "முருகா, என்ரை பிள்ளையைத் தா. அவன் வளந்து உன்ரை வாசலிலை காவடி எடுப்பான்."

அந்த வசனத்தை எத்தனையோ முறை திரும்பப் படித்துவிட்டேன், ஒரு கட்டுரையில் பிழை தேடுவதுபோல. "நான் எடுப்பேன்" என்று சொல்லியிருக்கலாம். தகப்பன்மார் அப்படித்தான் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இளம் நிருபராக இருந்த காலத்தில், நேர்த்தியையும் காவடியையும் கேலி செய்து தொடர் எழுதியவன் நான். வெயிலில் மயங்கி விழுந்தவர்களின் பெயர் ஊர் எல்லாம் போட்டு எழுதினேன். உன் அம்மாவின் வீட்டார் அதற்காக என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. அந்தத் தொடரைப் படித்தவர்கள் பலர் இந்த நகரத்துக்கும் வந்திருந்தார்கள். பிள்ளை உள்ளே சாகக்கிடக்க, வெளியே நின்ற என் மனதின் ஒரு மூலையில், நான் காவடியோடு போவதை அவர்கள் பார்த்துச் சிரிக்கும் படம் ஓடியது. அதனால் உன் தோளைக் கொடுத்தேன். என் முகத்தைக் காப்பாற்ற உன் தோளை ஈடு வைத்தேன். பயத்தில் சொன்ன வார்த்தை என்று நீ என்னை மன்னிக்கப் பார்ப்பாய். பயம் மட்டும் என்றால் நானும் மன்னித்திருப்பேன். அந்தப் பயத்துக்குள்ளும் கணக்காகத் தப்பிக்கொண்டேன் என்பதுதான் என்னைத் தின்கிறது.

ஒன்பதாம் நாள் உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்றுதான் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். நேர்த்தியையும் எழுதி, ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் எழுதினேன். அவளுடைய பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. அந்த நீல விமானக் கடிதத்தின் பிரதியை இதனுடன் வைத்திருக்கிறேன். தபால் முத்திரையைப் பார். நீ சுகமாகி, பள்ளிக்கூடம் போய், பனியில் வழுக்கி விழுந்து பல்லையும் உடைத்துக்கொண்ட பிறகுதான் உனக்குக் காய்ச்சல் வந்ததே அவளுக்குத் தெரியும். பிழைத்த பிள்ளைக்கு யாராவது பிழைக்க வேண்டும் என்று நேர்த்தி வைப்பார்களா? எழுத்தின் காற்புள்ளிக்கும் ஆதாரம் கேட்கிற நீ, உன் சொந்தக் கதையின் தேதிகளை ஒருமுறையும் ஒத்துப் பார்க்கவில்லை. உன்னில் குறை இல்லை. அம்மா சொல்வதை யார் சரிபார்ப்பார்கள்? ஆனால் இனிமேல் போகிற இடத்தில் பார். கண்ணுக்கு முதலில் தெரிவதற்கு உடனே தலையாட்டாதே என்று உன் ஸ்தோயிக்கர் சொல்வதாகச் சொன்னாய். எங்கள் பத்திரிகைக் கந்தோரிலும் அதுதான் சட்டம். முதலில் வந்த தகவலை அச்சுக்கு விடாதே, இன்னொருவரைக் கேள். வீட்டுக்குள்ளும் அந்தச் சட்டம் செல்லும்.

அவள் வந்தபிறகு, இங்கே சனம் ஒரு வாடகை மண்டபத்தில் முருகன் படத்தை வைத்துக் கும்பிடத் தொடங்கிய காலத்தில், மகனுக்கு நேர்த்தி ஒன்று இருப்பதாக அவள் யாரிடமோ சொல்லிவிட்டாள். என் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கக் கத்தினார்: "காவடிக்கு எதிராத் தொடர் எழுதின ஆள், இப்ப வீட்டுக்குள்ளையே காவடியோ? ஆர் அக்கா வைச்சது?" நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்: "எழுதினது அவர், அண்ணை. வைச்சது நான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் அந்த நேர்த்தி அவளுடையதாகிவிட்டது.

இந்த மூன்று கிழமையில் டொலார்ட் நூலகத்துக்கு ஐந்து முறை போனேன். உன் கிரேக்கர்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களை அகராதியோடு படித்தேன். அவர்களில் ஒருவர் அடிமையாக இருந்து ஆசிரியரானவராம், கால் ஊனமானவராம். உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவர் பாடத்தின் முதல் பகுதி. அதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்க் காருக்குள் இருந்தேன். என் வார்த்தை என் கையில் இருந்தது. உன் தோள் என் கையில் இருக்கவில்லை. அது உன்னுடையது. ஏழு வயதிலும் உன்னுடையது. நீ அன்று சாப்பாட்டு மேசையில் அம்மாவைக் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஆள்தான் பிழை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அதே புத்தகங்களில், நீ யாருக்கு மகன், யாருக்குச் சகோதரன் என்று பார், அந்த உறவே உன் கடமையைச் சொல்லும் என்ற கருத்தும் இருந்தது. அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டேன். உன் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே அம்மாவுக்காகக் காவடியை எடு என்று உன்னை மடக்க நினைத்தேன். மேற்கோளை எங்கே வெட்டினால் எப்படி நிற்கும் என்பது நிருபனுக்குத் தெரியும். இரண்டு நாள் அந்தத் துண்டு என் சட்டைப் பையில் இருந்தது. பிறகு கிழித்துவிட்டேன். உறவு கடமையைச் சொல்லும் என்றால், தகப்பன் என்ற உறவு எனக்கு என்ன சொல்கிறது என்று முதலில் நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் உன் ஆட்களோடு எனக்கு ஒத்துவரவில்லை. பயம் என்பது மனம் செய்யும் பிழை என்கிறார்கள். நான் கலவரங்களில் நின்று செய்தி எழுதியிருக்கிறேன். சில நாட்களில் அந்த இடத்தில் இருந்த ஒரே சரியான தகவல் என் பயம்தான். இப்போதும் அப்படித்தான். அவள் ஆறாவது படியில் நிற்பதைப் பார்த்து எனக்கு வரும் பயத்தை, தயவுசெய்து, பிழை என்று சொல்லாதே. அதை வைத்துக்கொண்டு பொய் சொல்லாமல் இருக்க முடியுமா என்பதுதான் இப்போது என் முன்னால் இருக்கும் கேள்வி.

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போனேன். ஐயர் மதியப் பூசை முடித்துப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவரிடம் சொன்னபோது உன்னிடம் சொல்வதைவிட லேசாக இருந்தது. "பிள்ளைக்கு வைச்சதைத் தகப்பன் எடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

"வைச்சவர் எடுக்கிறதுக்கு ஆர் மறிக்கிறது?" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "முழங்கால் எப்பிடி?"

"வலதுகால் மடங்காது ஐயா."

"அப்ப மெல்லமா வாங்கோ. முருகன் ஓடிப்போறதில்லை."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். மூச்சு வாங்கும் வரை சிரித்தாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களோ? காவடியோ? உங்கடை தொடரைப் படிச்ச சனத்தை முன்வரிசையிலை இருத்தவேணும்" என்றாள். பிறகு வெங்காயம் உரித்தாள். உரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளைக்குச் சொல்லிப்போட்டு எடுங்கோ."

"நீர்தானே சொல்லவேண்டாம் எண்டனீர்?"

"அது நான் சுமக்கேக்கை. நீங்கள் சுமக்கிறதெண்டால் பொய்யோடை சேத்துச் சுமக்கேலாது. பாரம் கூட."

"சொன்னால் வரமாட்டான் எண்டனீர்."

"வராமல் விடட்டும். அவன் ஆரோடை கோவிக்கவேணுமோ அவரோடை கோவிக்கட்டும். இருவது வருசமா என்னோடை கோவிச்சுக் களைச்சுப்போனான், பாவம்."

படிவத்தைப் பற்றிக் கேட்டேன். இந்தக் கடிதம் தபால் பெட்டிக்குள் விழுவதைத் தன் கண்ணால் பார்த்தபிறகு கையெழுத்து வைப்பதாகச் சொன்னாள். எழுதி முடித்தபிறகு அல்ல. விழுந்தபிறகு. நான் எழுதிவிட்டு மேசைக்குள் வைத்திருக்கும் கடிதங்கள் எத்தனை என்று அவளுக்குத் தெரியும்.

மகனே, நீ காவடி எடுக்க வேண்டாம். உன்மேல் இனி ஒரு நேர்த்தியும் இல்லை. நீ ஏதென்சில் பனியிலோ வெயிலிலோ ஒரு தலையிடி வந்து படுத்தால், "அந்த நேர்த்தி கிடக்கிறது அல்லவா" என்று ஒரு நொடிகூட நினைக்காதே. அப்படி நினைக்க வேண்டியவன் நான். இதைப் படித்துவிட்டு நீ என்னோடு கதைக்காமல் இருந்தால், அது எத்தனை மாதம் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் அம்மாவைக் கூப்பிடு. தொலைபேசியில் இரண்டு வசனம் போதும். அன்று நீ கேட்ட கேள்வியை அவளிடமிருந்து திருப்பி எடுத்துக்கொள். அதை நான் செய்ய முடியாது.

உன் தெய்வத்துக்கு ஒன்றும் தேவையில்லை என்றாய். எனக்கு அப்படிச் சொல்ல வராது. எனக்குத் தேவைகள் இருக்கின்றன. பிச்சைக்காரன் மாதிரி இருக்கின்றன. சத்திரசிகிச்சை முடிந்து அவள் கட்டிலிலிருந்து எழும்ப வேண்டும். நீ வர வேண்டும். இரண்டும் என் கையில் இல்லை என்பதைப் படித்துவிட்டேன், விளங்கியும் விட்டது. விளங்கியபிறகும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு அதுதான் காரணம், வயது அல்ல.

இப்போது ஞாயிறு மத்தியானம் மூன்று மணி. அம்மா வெளிச்செருப்பைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கிறாள். கையில் முத்திரை. "எழுதி முடிச்சாச்சோ, இன்னும் வெட்டித் திருத்திறியளோ?" என்று இரண்டாம் முறை கேட்டுவிட்டாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில், படிவத்துக்கு மேலே, காந்தத்துக்கு அடியில் ஒரு பேனையைச் செருகி வைத்திருக்கிறாள். இறங்குவது அவளுக்குச் சுலபம். திரும்பி ஏறும்போது ஆறாவது படியில் நிற்பாள். இன்றைக்கு நானும் அவள் பக்கத்தில் நின்று தக்காளிக் கன்றுகளைப் பார்ப்பேன்.

வா என்று நான் எழுதவில்லை. ஆனால் இடமும் நேரமும் இல்லாமல் எந்தச் செய்தியையும் நான் முடித்ததில்லை. டொலார்ட், முருகன் கோயில், தேர்த் திருவிழா நாள், காலை பத்து மணி. நான் வலதுகாலை இழுத்துக்கொண்டு மெதுவாகத்தான் வருவேன். பிந்தி வருபவர்களுக்கும் நேரம் இருக்கும்.

அப்பா